மெடாவாக்ஸ் என்றொரு மெஷின்

குரோம்பேட்டையில் ஒரு மாடி அறை. அதில் ஒரே ஒரு கம்ப்யூட்டர். பகலில் அதில் மெட்டில்டா, இரவில் நான். தொண்ணூற்றிரண்டில் எங்கள் கம்பெனி அவ்வளவுதான். இன்ஜினீயரிங்கை மூன்றாம் வருடத்தில் விட்டுவிட்டு வந்த என்னை யாரும் வேலைக்குச் சேர்த்துக்கொள்ளவில்லை. முதலாளி பட்டாபிராமன் சேர்த்துக்கொண்டார். இரவு ஷிப்டுக்கு அவருக்கு வேறு ஆள் கிடைக்கவில்லை.

வெளிநாட்டுக்காரன் ஒருவனுடைய கம்பைலரைச் சுத்தம் செய்வதுதான் வேலை. கம்பைலர் என்பது நாம் எழுதும் புரோகிராமை மெஷினுக்குப் புரிகிற மாதிரி மாற்றித் தருவது. இது பல வகை மெஷின்களில் ஓடியிருந்தது. ஒவ்வொரு வகைக்கும் ஒரு பெயர் வைத்து, இந்த மெஷின் என்றால் இந்த வரிகளை எடுத்துக்கொள், இல்லையென்றால் விட்டுவிடு என்று எழுதியிருந்தார்கள். அந்தப் பெயர்தான் மேக்ரோ. பாதி மெஷின்கள் காயலான் கடைக்குப் போய்விட்டன. மேக்ரோக்கள் போகவில்லை.

எது இனிமேல் யாருக்கும் தேவையில்லை என்று மெட்டில்டா பகலில் பார்த்து போர்டில் எழுதுவாள். இரவில் அதையும் அதைச் சேர்ந்த வரிகளையும் நான் வெட்டி எறிவேன். காலையில் அவள் வந்ததும் எதெல்லாம் போயிற்று என்று சொல்லிவிட்டுக் கிளம்ப வேண்டும். அதற்கு ஐந்து நிமிஷம் போதும். அவள் டிபன் பாக்ஸில் பாதி இட்லி தீரும்வரை நான் கிளம்புவதில்லை.

மேக்ரோ தீர்ந்ததும் இரவு ஷிப்டை மூடிவிடுவேன் என்று பட்டாபிராமன் ஆரம்பத்திலேயே சொல்லியிருந்தார். அதாவது நான் எவ்வளவு வேகமாக வெட்டுகிறேனோ அவ்வளவு சீக்கிரம் தெருவில் நிற்பேன். மெதுவாக வெட்ட எனக்கு வராது.

கிறிஸ்துமஸுக்குள் முடிந்திருக்க வேண்டிய வேலை. பொங்கல் தாண்டியும் போர்டில் புதுப் பெயர்கள் வந்துகொண்டிருந்தன. மெடாவாக்ஸ். ஊராபாக்ஸ். வாக்ஸ் என்று அப்போது நிஜமாகவே ஒரு மெஷின் உண்டு. இவையெல்லாம் அதற்குப் பங்காளி என்று நினைத்துக்கொண்டேன். பட்டாபிராமன் ஒரு நாள் போர்டைப் பார்த்து, மெடாவாக்ஸ் அமெரிக்க மிலிட்டரி மெஷின்தானே என்று கேட்டாராம். ஆமாம் சார் என்றாளாம் மெட்டில்டா.

ஒரு விஷயம் மட்டும் உறுத்தியது. மற்ற வரிகளில் எழுதியவனின் அவசரமும் எரிச்சலும் தெரியும். மெடாவாக்ஸின் வரிகள் பரீட்சைத் தாள் மாதிரி சுத்தமாக இருந்தன. எதுவும் செய்யவும் இல்லை.

செவ்வாய்க்கிழமை காலை ராஜகீழ்ப்பாக்கத்தில் இருக்கும் என் வீட்டுக்குப் போக, தாம்பரத்தில் பஸ்ஸுக்கு நின்றேன். கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டு கூவினார். "மேடவாக்கம், மேடவாக்கம்! இன்னா சார் பாத்துகினே நிக்கிற, ஏறு."

தினமும் நான் போகிற பஸ்தான் அது. ஏறவில்லை. ஊராபாக்ஸ் எந்த ஊர் என்று யோசிக்க அதற்குமேல் நேரம் ஆகவில்லை.

வியாழன் இரவு அந்தப் பொய் மேக்ரோக்கள் எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன். நிஜ மேக்ரோவை எடுத்தால் ஒவ்வொரு தடவையும் கம்பைலரை முழுக்க ஓட்டிப் பார்க்க வேண்டும். பொய்க்கு அந்தச் சிரமம் இல்லை. மறுநாள் காலை மெட்டில்டா வந்து துடைத்த போர்டைப் பார்த்தாள். பையைக்கூட வைக்கவில்லை.

"தெரிஞ்சுதான் எடுத்தீங்களா?"

"மேடவாக்கத்துல ஏரி இருக்கு, டீக்கடை இருக்கு. மெஷின் இல்ல."

"உங்களுக்கு வேலை இருக்கட்டும்னுதான் செஞ்சேன் தனக்கோடி. கேளம்பாக்கம், வேங்கைவாசல் எல்லாம் பாக்கி வெச்சிருந்தேன்."

"இல்லாத மெஷினுக்கு நான் ராத்திரி முழிக்கணுமா?"

"இல்லாததுன்னு எப்ப தெரிஞ்சுது?"

"செவ்வாக்கிழமை."

"அப்புறம் ஏன் ரெண்டு ராத்திரி விட்டு வெச்சீங்க?"

அதற்கு என்னிடம் பதில் இருந்தது. சொல்கிற பழக்கம்தான் இல்லை. அவள் டிபன் பாக்ஸைத் திறந்து என் பக்கம் தள்ளினாள்.

"இன்னும் ஒண்ணு இருக்கு" என்றாள். "அதை நீங்க எடுக்கல."

முழுக்கத் தேடிவிட்டேன் என்றேன். தேடினால் கிடைக்காது என்றாள். பெயரை முழுசாக எங்கேயும் எழுதவில்லையாம். இரண்டு துண்டாக எழுதி, கம்பைல் ஆகும்போது தானாக ஒட்டிக்கொள்கிற மாதிரி வைத்திருக்கிறாளாம். ஒவ்வொரு வரியாக உட்கார்ந்து படித்தால்தான் கண்ணில் படும். எங்கே இருக்கிறது என்று கேட்டேன்.

"சொல்ல மாட்டேன். பகல்ல வந்து படிங்க."

சனிக்கிழமை பட்டாபிராமன் சொன்னபடி இரவு ஷிப்டை மூடினார். நல்ல பையன், கொஞ்சம் மெதுவாகச் செய்திருக்கலாம் என்று வருத்தத்தோடு கை கொடுத்தார்.

திங்கட்கிழமை பத்து மணிக்குப் போய் நின்றேன். என்னப்பா என்றார் பட்டாபிராமன். ஒரு மேக்ரோ பாக்கி இருக்கிறது சார் என்றேன். சம்பளம் தர முடியாதே என்றார். கேட்கவில்லை என்றேன். பகல் வெளிச்சத்தில் முகம் எப்படியிருக்கிறது என்று பார்ப்பவர்போல் என்னை ஒரு தடவை பார்த்தார். பிறகு மெட்டில்டாவைப் பார்த்தார். தன் மேஜைக்குப் போய்விட்டார்.

மெட்டில்டா திரும்பவில்லை. டைப் அடித்துக்கொண்டே, பக்கத்து நாற்காலியில் இருந்த கைப்பையை எடுத்துக் கீழே வைத்தாள். உட்கார்ந்தேன். முதல் ஃபைலின் முதல் வரியைத் திரையில் கொண்டுவந்து தந்தாள். வேங்கைவாசலா என்று கேட்டேன். படிங்க என்றாள். படிக்க ஆரம்பித்தேன். என் வாழ்க்கையில் முதல் தடவையாக மெதுவாக.