பதினைந்து மூட்டை ஈரம்

கோதுமைக்கு ஆதரவு விலையை அரசாங்கம் ஒரேயடியாகக் கால் பங்கு ஏற்றிவிட்டது என்று ரேடியோ சொன்னபோது, பன்னக்கா முழங்கை வரை மாவோடு நின்றுகொண்டிருந்தாள். நல்ல விஷயம்தான். விளைவித்தவன் வயிறு நிறையட்டும், யார் வேண்டாம் என்றார்கள்? ஆனால் விலை என்ன வயல் வரப்போடு நின்றுவிடுகிற சாதியா? மில்லுக்கு வரும், மாவுக்கு வரும், கடைசியில் பன்னின் தலையில் வந்து உட்காரும்.

பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று அவளுக்கு இருந்தது. அது கடை உரிமத்தில் மட்டும் பிழைத்துக் கிடந்தது. தெருவுக்கு அவள் பன்னக்கா. எதிரே இருந்த தையல் ஆலையின் பெண்கள் காலையில் ஆளுக்கொரு பன்னை வாங்கி, கடித்துக்கொண்டே உள்ளே ஓடுவார்கள். பன் பத்து ரூபாய். பல வருடங்களாகப் பத்து. "ஊரே ஏத்தினாலும் நான் ஏத்தமாட்டேன்" என்று அக்கா மார்தட்டுவாள். மார்தட்ட ஒரு காரணமும் இருந்தது. அறுப்பு முடிந்ததும் அவளுடைய தம்பி பதினைந்து மூட்டை கோதுமையை நேரே கடை வாசலில் இறக்குவான். வாங்குவது போன வருட விலையில். அப்பா இருந்தபோது பேசி வைத்த குடும்ப வழக்கம் அது. அந்தப் பதினைந்தில் ஐந்து மாதம் ஓடும். மீதி மாதங்களின் நஷ்டத்தையும் அதுதான் தாங்கும்.

இந்த வருடம் அறுப்பு முடிந்து இரண்டு வாரம் ஆகியும் தம்பியைக் காணோம். போன் அடித்தால் எடுப்பதில்லை. மாவுத் தொட்டியின் அடி தெரிய ஆரம்பித்தது. போதாததற்கு, ஆலை வாசலில் கம்பெனி ரொட்டி வண்டி ஒன்று புதிதாக வந்து நின்றது. பன் விலையை ஏற்றினால் அந்தப் பெண்கள் நாலு எட்டு வைத்து அங்கே போய்விடுவார்கள். ஏற்றாவிட்டால் கடை இரண்டு மாதம் தாங்காது.

அவளுக்குக் கோதுமை அரைத்துத் தரும் மில்காரர்தான் சேதி கொண்டுவந்தார்.

"உங்க தம்பி கொள்முதல் நிலையத்துல மூணு நாளா உக்காந்திருக்காப்ல. முழு லோடும் அங்கதான் நிக்குது."

முழு லோடும். அக்காவுக்குக் கோபம் மூக்கு நுனிக்கு வந்தது. இது அவன் புத்தி இல்லை, அவன் பெண்டாட்டி சொல்லிக் கொடுத்த புத்தி என்று நிமிடத்தில் தீர்ப்பும் எழுதிவிட்டாள். அடுப்பை வேலையாளிடம் விட்டுவிட்டு, கையில் மாவு காய்ந்ததுகூடத் தெரியாமல் பஸ் ஏறினாள். வழியெல்லாம் என்னென்ன கேட்பது என்று வரிசையாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

கொள்முதல் நிலையத்தின் முற்றத்தில் தார்ப்பாய்கள் விரித்துக் கிடந்தன. அவற்றின் மேல் கோதுமை, கோதுமைக்கு நடுவே கால்களை இழுத்து இழுத்து நடந்து கிளறிக்கொண்டிருந்தான் தம்பி. மூன்று நாள் தாடி. அக்காவைப் பார்த்ததும் திருதிருவென்று விழித்தான்.

"போன் என்னடா ஆச்சு? செத்துப்போச்சா?"

"அக்கா, சத்தம் போடாத. எல்லாரும் பாக்குறாங்க."

"பாக்கட்டும். அக்காவுக்கு நாமம் போட்டவன் மூஞ்சி எப்படி இருக்கும்னு பாத்துக்கட்டும்."

பதில் சொன்னது மீட்டர்காரர். தானியத்தின் ஈரப்பதத்தைச் சோதிப்பது அவர் வேலை. கையில் டப்பா மாதிரி ஒரு கருவியுடன் வந்து, ஒரு பிடி கோதுமையைப் போட்டுப் பார்த்தார்.

"ஈரம் பதினாலரை சதவீதம். பதினாலுக்கு வரட்டும், எடுத்துக்குறேன். நீங்க சொந்தக்காரங்களா? முதல் நாள் பதினெட்டு காட்டுச்சு. மழை பெஞ்சுதான்னு கேட்டா பனிங்குறாரு. இந்த வெயில்ல எங்கேருந்துங்க பனி?"

அவர் சிரித்துக்கொண்டே போய்விட்டார். அக்கா தம்பியைப் பார்த்தாள். கோதுமை விளைவிக்கிற குடும்பத்தில் பிறந்தவள், பனி எது, பக்கெட் தண்ணீர் எது என்று அவளுக்குத் தெரியாதா?

"தண்ணி தெளிச்சியா?"

தம்பி அசடு வழிந்தான். பிறகு மெதுவாக, தரையைப் பார்த்தபடியே விஷயத்தைச் சொன்னான். புது விலையோடு ஒரு புது விதியும் வந்திருந்தது. இவ்வளவு நிலத்துக்கு இவ்வளவு மகசூல் என்று கணக்குப் பண்ணிப் பதிந்துவிட்டார்கள். அவனுக்கு முந்நூறு மூட்டை. வியாபாரிகளுக்குக் கைமாறிவிடக் கூடாது என்று அந்த எடை முழுதும் இங்கே வந்து சேர வேண்டும். குறைந்தால் மொத்த லோடுக்கும் போன வருட விலைதான்.

"வெளைஞ்சதே சரியா முந்நூறுதான். அதுல உனக்குப் பதினஞ்ச எடுத்து வச்சிட்டேன். மிச்சத்துல தண்ணி தெளிச்சா எடை கூடிடும், முந்நூறு வந்துடும்னு பாத்தேன். இந்த வருஷம் புது மீட்டர் வாங்கியிருக்காங்கக்கா. எனக்குத் தெரியாது. இதை முடிச்சிட்டு உனக்கு இறக்கிடலாம்னுதான் போனைக்கூட எடுக்கல."

"இப்ப காஞ்சா?"

"எடை எறங்கிடும்."

"எறங்கினா?"

"போன வருஷ விலை. பரவால்லக்கா, போன வருஷம் அந்த விலையிலதானே ஓட்டினோம்."

அக்கா தார்ப்பாயின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாள். பஸ்ஸில் வரிசையாக அடுக்கி வைத்த கேள்விகளில் ஒன்றுகூட வாயில் வரவில்லை. அவன் குதிகால் வெடித்துக் கிடந்தது. சட்டைக் காலர் திருப்பித் தைத்தது. டிராக்டரின் சீட்டில் ஒரு கம்பெனி ரொட்டிப் பாக்கெட் பாதி தின்ற நிலையில் கிடந்தது. அக்கா பார்த்துவிட்டாள் என்று தெரிந்ததும் அவன் அதன் மேல் துண்டைப் போட்டான்.

"எனக்குப் பதினஞ்சு மூட்டைக்குப் போன வருஷ விலை. அதுக்காக மீதி எல்லாத்தையும் போன வருஷ விலைக்குக் குடுக்கப்போற. உனக்குக் கிறுக்கு புடிச்சிருக்காடா?"

"கடை போயிடுமேக்கா."

"இத்தனை வருஷம் பன் விலை ஏத்தலன்னு தெருவுல பெருமை பேசினேன். ஏறாத விலையெல்லாம் உன் முதுகுல ஏறிக்கிட்டு இருந்திருக்கு. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல?"

"அப்பா பேசினது. எப்படிச் சொல்றது?"

அக்கா எழுந்து, அவன் போனையே பிடுங்கி, தம்பி பெண்டாட்டியைக் கூப்பிட்டாள். குரல் வழக்கத்தைவிடத் தாழ்ந்திருந்தது. அவளைப் பற்றி எழுதிய தீர்ப்பு வேறு உள்ளே உறுத்தியது.

"அந்தப் பதினஞ்சையும் வண்டி புடிச்சு இங்க அனுப்பும்மா."

"அண்ணி, அது உங்களுது. நான்தான் சாக்கு வாயைத் தச்சு வச்சேன்."

"தெரியும்மா. அனுப்பு."

மாலை நான்கு மணிக்கு மினி லாரி வந்தது. அதற்குள் அக்காவும் முந்தானையைச் செருகிக்கொண்டு தம்பியோடு கோதுமையைக் கிளறியிருந்தாள். மீட்டர் பதினாலு காட்டியது. காய்ந்ததையெல்லாம் மூட்டை கட்டி எடைபோட்டு முடித்த பிறகு, அந்தப் பதினைந்தும் எடை மேடைக்கு வந்தன. எடை போடுகிறவர் முதல் மூட்டையைத் திருப்பிப் பார்த்தார். சாக்கின் வயிற்றில் நீல மையில் பெரிதாக 'அக்கா' என்று எழுதியிருந்தது. ஒன்றில் மட்டுமல்ல, பதினைந்திலும். தம்பி பெண்டாட்டியின் கோணல் எழுத்து.

"யாருங்க இந்த அக்கா? பதிவு இவர் பேர்லல்ல இருக்கு? அக்கா மூட்டையை இவர் கணக்குல எப்படி ஏத்துறது?"

தம்பி வாயைத் திறந்தான். அக்கா முந்திக்கொண்டாள்.

"அக்கா நான்தான் சார். மூட்டை அவனோடது. எடை போடுங்க."

முந்நூறும் சேர்ந்தது. ரசீதில் புது விலை விழுந்தது. தம்பி அதை மடித்து, விரித்து, மறுபடி மடித்தான். சந்தோஷப்படக்கூட அவனுக்குப் பயமாக இருந்தது.

"பன்னுக்கு என்னக்கா பண்ணுவ?"

"பதிமூணு. நாளையிலேருந்து."

"அந்த ஆலைப் பொண்ணுங்க?"

"திட்டுவாங்க. எத்தனை பேர் நிப்பாங்கன்னு தெரியாது. பயமாத்தான் இருக்கு."

தம்பி டிராக்டர் சக்கரத்தில் சாய்ந்து நின்றான்.

"வீட்டுக்கும் ஒரு பிடி மிச்சம் வைக்கலக்கா. மாவு, ரொட்டி எல்லாம் இனிமே எங்களுக்கும் கடையிலதான். நாளைக்கு நாலு பன் எடுத்து வை."

அக்கா அவனை நிமிர்ந்து பார்த்தாள்.

"பதிமூணுடா."

"தெரியும்," என்றான் தம்பி. "ஏறின விலைக்குத்தானே மூணு நாளா இங்க உக்காந்திருந்தேன்."