ஐம்பத்தொன்பது அடி

நான் கவுன்சிலராகப் பதவியேற்ற நாளிலிருந்து, மன்றக் கூடத்தின் முன்வரிசையில் இருந்த ஒரு நாற்காலி கூட்டத்துக்கு ஓர் அடி வீதம் பின்னால் போய்க்கொண்டிருந்தது. மாதம் ஒரு கூட்டம். ஐம்பத்தொன்பது கூட்டங்கள் முடிந்திருந்தன. நாற்காலி கூடத்தைக் கடந்து, பின்வாசலைக் கடந்து, கடற்சுவரின் மேல் ஏறி நின்றது. இன்னும் ஓர் அடியில் கடல்.

அது கவுன்சிலரின் வாழ்க்கைத் துணைக்கான நாற்காலி. எல்லாக் கவுன்சிலர்களுக்கும் அப்படி ஒன்று உண்டு. மற்றவை நகரவில்லை. அவற்றின் வெள்ளைத் துணி உறையில் பெயர்ச்சீட்டு குத்தியிருந்தது. என்னுடையதில் சீட்டு இல்லை.

விதி எளிமையானது. நாற்காலி கடலில் விழுந்தால், அதற்குரியவர் ஒருபோதும் இருந்ததில்லை என்று பதிவாகும்.

அதற்குரியவன் தேவசகாயம். இருபத்திரண்டு வருடமாக என்னோடு வாழ்கிறான். அறிகுறிகள் தொடங்கிவிட்டன. அவன் குளித்துவிட்டு வந்தால் துண்டு ஈரமாவதில்லை. ரயில் நிலையத்து எடை மெஷினில் ஏறினான். ‘யாராவது ஏறவும்’ என்று அட்டை வந்தது.

தேவசகாயம் வாடகை நாற்காலிக் கடை வைத்திருக்கிறான். எங்கள் ஊரில் கல்யாணம், காதுகுத்து, துக்க வீடு எதுவானாலும் அவனுடைய நாற்காலிகள்தான்.

தேர்தலில் நின்றபோது முச்சந்தியில் மைக்கைப் பிடித்துச் சொன்னேன். “நான் ஓர் ஆணோடு வாழ்கிறேன். அவர் என் வாழ்க்கைத் துணை. பெயர் தேவசகாயம். நீங்கள் உட்கார்ந்திருக்கும் நாற்காலிகளைப் போட்டவர் அவர்தான்.”

கூட்டம் திரும்பி அவனைப் பார்த்தது. அவன் கால் உடைந்த நாற்காலி ஒன்றை ஓரமாக எடுத்து வைத்துக்கொண்டிருந்தான். சிவப்புக் குடத்தோடு இருந்த ஓர் அம்மா எழுந்தார்.

“அது சரிய்யா. தண்ணி எத்தன மணிக்கு வரும்?”

“ஆறு மணிக்கு வர வைக்கிறேம்மா.”

“அப்பஞ் சரி.”

இருநூற்றுப் பன்னிரண்டு வாக்கு வித்தியாசத்தில் ஜெயித்தேன். தண்ணீர் ஆறு மணிக்கு வந்தது. என்றாவது தாமதமானால், தண்ணீர் வரும்வரை ஆறு மணி காத்திருந்தது.

பிடிக்காதவர்களும் இருந்தார்கள். ஒருவர் எங்கள் வீட்டுச் சுவரில் என்னைப் பற்றி அசிங்கமாக எழுதிவிட்டுப் போனார். தேவசகாயம் சாக்பீஸ் எடுத்து அதில் இரண்டு எழுத்துப் பிழைகளைத் திருத்தினான். எழுதியவர் மறுநாள் வந்து நன்றி சொன்னார். காப்பியும் குடித்தார்.

பெயர்ச்சீட்டுப் பிரிவின் கண்காணிப்பாளர் பெயர் குஞ்சிதபாதம். அவர் அறைக்குப் போகும் நடைவழி ஒவ்வொரு மாதமும் கொஞ்சம் நீண்டிருக்கும். கடைசியாகப் போனபோது வழியில் மதியச் சாப்பாட்டை முடிக்க வேண்டியிருந்தது.

“சீட்டு வேணும்னா உறவு எழுதணும் சார்,” என்றார்.

“வாழ்க்கைத் துணை.”

“அது தலைப்பு சார். அதுக்குக் கீழ மனைவி இருக்கு, கணவர் இருக்கு. நீங்க சொல்லுத மாதிரி ஒண்ணும் இல்ல.”

“இல்லன்னா?”

“இல்லன்னா இல்ல.”

அவர் நல்லவர். அதுதான் சிக்கல். அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

“மனசு கேக்க மாட்டேங்கு சார். குடும்ப விவரத்துல ஒரு எடம் காலியா கெடக்கு. மைத்துனர்னு போட்டுருவமா? ஆளு இருக்காருன்னாவது ஆயிரும்லா. நம்ம ஊருல யாரு யார மச்சான்னு கூப்பிடல?”

முச்சந்தியில் மைக்கில் சொல்ல முடிந்த எனக்கு, அந்தச் சின்ன அறையில் ஒரு பேனாவின் முன்னால் வாய் வரவில்லை. கையெழுத்துப் போட்டேன். வெளியே வந்தபோது வாசல் பிள்ளையார் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்திருந்தார். நான் தோப்புக்கரணம் போட்டேன். அவர் திரும்பவில்லை.

வீட்டில் சொன்னேன்.

“கையெழுத்துப் போட்டியா பாண்டி?” என்றான் தேவசகாயம்.

“போட்டேன்.”

“பேனாவத் திருப்பிக் குடுத்தியா?”

“குடுத்தேன்.”

“சரி. சாப்பிட வா.”

அன்று அவன் எனக்கு வழக்கமான இரண்டாவது கரண்டிக் குழம்பை ஊற்றவில்லை. இருபத்திரண்டு வருடத்தில் முதல் தடவை.

மறுநாள் காலை சரியாகப் பத்து மணிக்கு ஒரு பெண் வந்தாள். கழுத்தில் மாநகராட்சி அடையாள அட்டை. பெயர் லீதியாள்.

“நான் தேவசகாயத்தோட தங்கச்சி.”

“எனக்குத் தங்கச்சி கெடையாதேம்மா,” என்றான் தேவசகாயம்.

“உங்கள மைத்துனர்னு எழுதியிருக்குல்லா. அப்பம் நடுவுல ஒருத்தி வேணும். ஆபீசுல போட்டு அனுப்பிட்டாங்க. பத்துலேருந்து அஞ்சு வரைக்கும்.” பிறகு என் பக்கம் திரும்பினாள். “அத்தான், காப்பி குடிப்பியளா?”

நான் குடிப்பேன் என்றேன்.

தேவசகாயம் உள்ளே போய் ஒரு நாற்காலி கொண்டுவந்து துடைத்துப் போட்டான். “மொதல்ல நீ உக்காரும்மா. வெயில்ல வந்திருக்க.” அவள் செருப்பு வார் அறுந்திருந்தது. அதை வாங்கி ஊக்கு குத்திக் கொடுத்தான். கையில் இன்னொரு ஊக்கும் வைத்தான். “எப்பவும் ஒண்ணு கூட இருக்கணும்.”

லீதியாள் ஊக்கைப் பத்திரமாகப் பையில் வைத்தாள். பிறகு பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்துக் காட்டினாள். அதில் ‘திருமதி’ என்று அச்சடித்திருந்தது.

“கடைசிக் கூட்டத்துல நான் இதக் குத்திட்டு அந்தச் சேர்ல உக்காரணுமாம். அப்பம் சேர் நகராது.”

“அண்ணன்?” என்று கேட்டேன்.

“அண்ணன் நிக்கலாமாம்.”

கடைசிக் கூட்டம் மூன்று மணிக்குத் தொடங்கியது. மேயர் அம்மாவுக்குப் பதவியேற்பு நாளில் போட்ட மாலை இன்னும் பூத்துக்கொண்டிருந்தது. அவர் அதை விலக்கிக்கொண்டு பேசினார். தேவசகாயம் பின்வாசலில் நின்றான். அவனுக்குப் பின்னால் இருந்த கடல் அவன் வழியாகவே தெரிந்தது.

லீதியாள் சீட்டோடு கடற்சுவரில் ஏறினாள். காற்றில் நாற்காலியின் உறை விலகிப் பறந்தது. அவளால் அதை அப்படியே விட முடியவில்லை. கூட இருந்த ஊக்கை எடுத்து, உறையைச் சரிசெய்யக் குனிந்தாள். நெடுநேரம் நிமிரவில்லை.

“அத்தான்! இதுல ஏற்கெனவே பேரு இருக்கு!”

நாற்காலியின் முதுகில் நீலப் பெயிண்டில் எழுதியிருந்தது: தேவசகாயம், குறுக்குச் சாலை. வாடகைக்கு விடுகிறவர்கள் எல்லோரும் இப்படி எழுதுவார்கள். ஒரு பந்தலின் சாமான் இன்னொரு பந்தலோடு கலந்துவிடக் கூடாது. பதவியேற்பு விழாவுக்காக எடுத்த நாற்காலிகளைத் திருப்பி அனுப்ப மாநகராட்சி மறந்திருந்தது. உறையைப் போட்டு ஐந்து வருடமாக உட்கார்ந்திருந்தது.

“ஏன்யா, இந்தச் சேரெல்லாம் உம்மதுன்னு உமக்குத் தெரியாதா?” என்றார் மேயர் அம்மா.

“தெரியும்மா.”

“கேட்டு வாங்கிருக்கலாம்லா?”

“ஆளு உக்காந்திருக்கும்போது எப்படிம்மா சேர இழுக்கது?”

குஞ்சிதபாதம் விதிப்புத்தகத்தைப் பிரித்து வாசித்தார். பெயர் உள்ள நாற்காலியில் அந்தப் பெயருக்குரியவரே அமரலாம்.

எல்லோரும் மெதுவாகத் தங்கள் நாற்காலியின் உறையைத் தூக்கிப் பார்த்தார்கள். ஒவ்வொருவராக எழுந்தார்கள். கடைசியாக மேயர் அம்மா எழுந்தார். மாலையிலிருந்து நான்கு இதழ்கள் உதிர்ந்தன. இருநூறு பேர் நின்றார்கள். அவனைத் தவிர யாருக்கும் உட்கார உரிமை இல்லை.

தேவசகாயம் வரிசை வரிசையாக நடந்தான். “உக்காருங்கய்யா. நீங்களும் உக்காருங்க. உக்காரும்மா.” இருநூறு முறை சொன்னான். எங்கள் வீட்டுச் சுவரில் எழுதியவர் பதினேழாவது வார்டு கவுன்சிலரின் கணவர். அவருக்கு முழங்கால் வலி. அவரிடம் மட்டும் இரண்டு முறை சொல்லி, கையைப் பிடித்து உட்கார வைத்தான்.

பிறகு போய்க் கடற்சுவரில் ஏறி, தன் நாற்காலியில் உட்கார்ந்தான். கடல் அவனுக்குப் பின்னால் மறைந்தது.

“பேரு சரி சார். உறவு?” என்று குஞ்சிதபாதம் என்னைப் பார்த்தார். கையில் அதே பேனா.

நான் மைக்கை வாங்கினேன். “மைத்துனர்னு போட்டத அடிச்சிருங்க. அது நான் பயந்து போட்ட கையெழுத்து. அவர் என் வாழ்க்கைத் துணை.”

“அது தலைப்பு சார்.”

“தலைப்பையே எழுதுமேய்யா,” என்றார் மேயர் அம்மா. “எடம் இருக்குல்லா?”

குஞ்சிதபாதம் தாளைப் பார்த்தார். இடம் இருந்தது. எழுதினார்.

அவர் பழைய வரியை அடித்ததும் லீதியாள் காலிலிருந்து மறையத் தொடங்கினாள். முதலில் ஊக்குக் குத்திய செருப்பு போயிற்று.

“எய்யா, அவள அடிச்சிராதீங்க!” என்று சுவரிலிருந்து கத்தினான் தேவசகாயம்.

“மைத்துனர் இல்லன்னா நடுவுல ஆளு எதுக்கு சார்?”

“நடுவுல வேண்டாம். பக்கத்துல இருக்கட்டும். தங்கச்சின்னு போடுங்க.”

“யாருக்கு மனைவி?”

“யாருக்கும் இல்ல. தங்கச்சி. அவ்வளவுதான்.”

குஞ்சிதபாதம் அதையும் எழுதினார். செருப்பு திரும்பி வந்தது. மணி ஐந்து அடித்தது. லீதியாள் போகவில்லை. அடையாள அட்டையைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டாள்.

அப்போது நாற்காலி நகர்ந்தது. தேவசகாயத்தோடு ஓர் அடி முன்னால் வந்து, சுவரிலிருந்து பத்திரமாக இறங்கி நின்றது. முன்வரிசைக்கு இன்னும் ஐம்பத்தெட்டு அடி. மாதம் ஒரு கூட்டம். என் பதவிக்காலம் அன்றோடு முடிந்திருந்தது.

தேவசகாயமும் கணக்குப் போட்டிருப்பான். அங்கிருந்தே கையை ஆட்டினான்.

“ஏ பாண்டி! மறுபடி எலெக்‌ஷன்ல நிக்கணும் போலருக்கே!”

மைக் இன்னும் என் கையில் இருந்தது. பார்வையாளர் பகுதியில் சிவப்புக் குடத்து அம்மா எழுந்தார்.

“நில்லுய்யா. போடுதோம். ஆனா தண்ணி அஞ்சரைக்கு வரணும்.”

சரி என்றேன். ஐந்தரை ஏற்கெனவே வந்து, அவருடைய குடத்துக்குப் பின்னால் வரிசையில் நின்றுகொண்டிருந்தது. தேவசகாயம் அதற்கும் ஒரு நாற்காலி போடச் சொன்னான்.