ஒரு விம்மல் கேட்டார்கள்

குரல்பதிவு அறையில் ஒலிவாங்கியின் முன் நின்றவள், திரையில் தன் முகத்தைக் கண்டு திடுக்கிட்டாள். திரை முழுவதும் அவள் முகம். இடக்கண்ணிலிருந்து ஒரு துளி நீர் கன்னத்தில் இறங்கிக்கொண்டிருந்தது.

படமாகிக்கொண்டிருந்த நாடகத்தை எழுதியவளும் அதில் மனைவியாக நடித்தவளும் அவளே. கைவிட்டுப்போன கணவன் ஆண்டுகள் பல கழித்து வந்து மன்றாடும் கடைசிக் காட்சிக்கு, வாசற்படியை மேடையின் முன்விளிம்பில் அமைத்திருந்தாள். படியில் மண்டியிட்டவனுக்கும் அவன் பின்னால் அரங்கில் அமர்ந்தோர்க்கும் மனைவியின் முதுகு மட்டுமே தெரியும். பழம்பாடல்களில் தலைவனுக்காகத் தூது வருவோர்க்கு வாயில் மறுக்கும் தலைவி, பின்பு நெஞ்சிளகி ஏற்பதும் உண்டு. இந்த மனைவிக்கு அந்தப் பின்பு இல்லை. அழுதாளா இல்லையா என்பது அவளுடைய சொத்து.

படத்தின் இயக்குநர் அவளுடைய உடன்பிறந்த தம்பி. கண்ணாடிக்கு அப்பாலிருந்து அவன் குரல் கெஞ்சியது.

"அக்கா, இந்த இடத்துல சின்னதா ஒரு விம்மல் குடுங்க. போதும்."

"இந்த முகம் எப்படிடா வந்துச்சு? நான் முதுகக் காட்டித்தானே நின்னேன்?"

"லைட் வெக்கறப்ப சும்மா நின்னுட்டிருந்தீங்க. அந்தப் பக்கம் ஒரு கேமரா ஓடிட்டிருந்துச்சு. என்ன அழகா விழுந்திருக்கு பாருங்க!"

"விளக்குச் சூட்டுல கண்ணு எரிஞ்சுதுடா, மடையா!"

"பாக்கறவனுக்கு அது அழுகதானே? திரையில முதுகையே காட்டினா, நின்னுக்கிட்டே தூங்கிட்டாள்னு நெனச்சிடுவான்."

தம்பியின் பக்கத்திலிருந்த ஒலிப்பதிவாளர் சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்டார்.

அவள் திரையையே நோக்கினாள். நாடகத்தின் ஒரு சொல்லும் மாறவில்லை. ஆயினும் அந்த ஒரு துளியில் மனைவி மன்னித்துவிட்டாள், கணவன் வென்றுவிட்டான். வாயிற்காவலை ஏமாற்றிக் கொல்லைவழியே புகுந்தவனைப்போல, கேமரா அவளுக்கு முன்புறம் போய் நின்றிருந்தது.

"அதத் தூக்கிடு."

"முடியாதுக்கா. படமே அதுலதான் நிக்குது. நீங்க குடுக்கலன்னா வேற குரல் போட்டுக்கறேன்."

"போடேன். என் குரல் தெரியாத ரசிகன் எவன்டா இருக்கான்? வேற தொண்டைய ஒட்டிப்பாரு, உன்னக் கிழிகிழின்னு கிழிச்சுத் தொங்க விடுவான்."

அது உண்மையென்று தம்பிக்கும் தெரியும்.

"சரி, படத்த ஓட்டு," என்றாள்.

தம்பியின் முகம் மலர்ந்தது. திரையில் கணவன் மண்டியிட்டுத் தழுதழுத்தான். அவள் முகம் வந்தது, துளி திரண்டது. அவள் சிரித்தாள். அடிவயிற்றில் தொடங்கி, அடங்கி, மறுபடி பொங்கி, மூச்சு தீரும்வரை சிரித்தாள். இறங்கிய துளி, சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்தவளின் துளியாகிவிட்டது.

"அக்கா! நாடகத்துல இது இல்லவே இல்லையே!"

"நாடகத்துல முகமும்தான் இல்ல. நீ அதத் திருடினே, நான் அதுக்கு வாய் வெச்சேன். முதுகு வேணுமா, சிரிப்பு வேணுமா, நீயே பாத்துக்க. விம்மல் இந்த ஜென்மத்துல கெடையாது."

தம்பி அந்தக் காட்சியைச் சிரிப்பொலியோடு மறுபடி ஓட்டச் சொன்னான். கெஞ்சுகிற கணவனின் கண்ணில் இதுவரை காணாத அச்சம் ஒன்று தெரிந்தது. நடிகன் அதை நடித்திருக்கவில்லை. அவள் சிரிப்பே அதை அங்கே வைத்திருந்தது.

"இந்தாளு மூஞ்சியப் பாருங்க சார், பாவம்!" என்றார் ஒலிப்பதிவாளர். "எத வெக்கட்டும்?"

தம்பி பல்லைக் கடித்துக்கொண்டு, "சிரிப்பையே வைங்க," என்றான்.

"முழுசா வை," என்றாள் அவள், காதுக்கருவியைக் கழற்றியபடி. "நடுவுல நீ வெட்டினதாத் தெரிஞ்சுது, தியேட்டருக்குள்ளயே எழுந்து நின்னு மிச்சத்த நான் சிரிப்பேன்."