மாப்பிள்ளை சிரிக்கவில்லை

பல்கலைக்கழகத்தின் செவிலியர் மேற்படிப்புத் துறையில் மாப்பிள்ளை என்று ஒருவர் இருந்தார். ஆள் பிளாஸ்டிக், மாணவிகள் பழகுவதற்கான நோயாளி பொம்மை. மூன்றாம் மாடியில், ஏசி போட்ட அறையில், கட்டிலை விட்டு இறங்காமல் படுத்திருப்பார். மூச்சு விடுவார், நாடி துடிக்கும், கண்ணைக்கூடச் சிமிட்டுவார். ஆனால் ஒரு துரும்பைக் கிள்ளிப் போடமாட்டார். துடைத்துவிட, புரட்டிப் போட, போர்த்திவிட என்று வருகிற மாணவிகளையெல்லாம் படுத்தபடியே வேலை வாங்கியதால்தான் அந்தப் பெயர். அவரை வாங்கிய விலையில் ஒரு வீடே கட்டியிருக்கலாம் என்பதால் துறைத் தலைவர்கூட அவரிடம் கொஞ்சம் மரியாதையாகத்தான் நடந்துகொள்வார்.

இந்த மாப்பிள்ளைதான் பெரியக்காவை பெயிலாக்கினார்.

பெரியக்கா என்பது வகுப்பில் வைத்த பெயர். மற்றவர்கள் எல்லாம் நேற்றுத்தான் டிகிரி முடித்துவிட்டு வந்த சிட்டுகள். இவளோ பாதி ஆயுளை அரசு ஆஸ்பத்திரி வார்டில் கழித்துவிட்டு, கல்லூரிக்குப் போகிற மகளை வீட்டில் வைத்துக்கொண்டு, மறுபடி பையைத் தூக்கியவள். ஆசைப்பட்டு வரவில்லை. நோயாளிகளைத் தூக்கித் தூக்கி இடுப்பு விட்டுப்போயிருந்தது. இனி ஒருத்தரைப் புரட்டினால் அடுத்த கட்டிலில் நீங்கள்தான் என்று எலும்பு டாக்டர் சொல்லிவிட்டார். மேற்படிப்பு முடித்தால் நர்ஸ் பயிற்சிப் பள்ளியில் ஆசிரியை வேலை. முடிக்காவிட்டால் ஆஸ்பத்திரி அடித்தளத்தில் ஃபைல் அடுக்கும் வேலை. ஃபைலுக்கு இடுப்பு வேண்டாம்தான். ஆனால் பெரியக்காவுக்கு ஃபைல் வேண்டாம். நோயாளி வாசனை இல்லாத இடத்தில் தனக்கு மூச்சு முட்டும் என்று அவளுக்குத் தெரியும்.

எழுத்துத் தேர்வில் வெளுத்து வாங்கினாள். செய்முறைத் தேர்வில் மண்ணைக் கவ்வினாள். கையில் ஒரு குறையும் இல்லை. வாயில்தான் கோளாறு. வார்டில் நினைவில்லாமல் கிடப்பவரிடம்கூட வாய் ஓயாமல் பேசுகிறவளுக்குப் பொம்மையிடம் பேச நாக்கு எழவில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது. கட்டு மாற்றும் சாமான்கள் வைத்த தட்டை மேஜையில் இடமில்லை என்று மாப்பிள்ளையின் வயிற்றின் மேலேயே வைத்தாள். வேலை முடிந்ததும் சுவரிலிருந்த கறுப்புக் கண்ணாடியைப் பார்த்து, "இதுக்குக் கட்டு மாத்தியாச்சு மேடம்" என்றாள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இரண்டு பேர் இருப்பார்கள். ஒருவர் மதிப்பெண் போடும் பேராசிரியை, பெரியக்காவைவிடப் பத்து வயது இளையவர். இன்னொருவர் மைக் அண்ணன். மாப்பிள்ளையின் நாடியையும் மூச்சையும் கணினியில் ஏற்றி இறக்குகிறவர் அவர்தான். மாப்பிள்ளைக்காக மைக்கில் முனகுவதும் பேசுவதும் அவர்தான். மாணவி ஃபோனை எடுத்து டாக்டரைக் கூப்பிட்டால் டியூட்டி டாக்டராக அதட்டுவதும் அவரே.

அன்றைக்குப் பேராசிரியை குரலை உயர்த்தவில்லை. "உங்க கைக்கு முழு மார்க். ஆனா அந்த ரூம்ல ஒரு நோயாளி இருந்தாருங்கறதே உங்களுக்குத் தெரியலை" என்று மட்டும் சொன்னார். மறுதேர்வு ஒரே ஒரு தடவைதான். அதிலும் போனால் பெயரை நீக்கிவிடுவார்கள்.

வீட்டில் பயிற்சி ஆரம்பமானது. கணவர் பஸ் டிரைவர். வேலை முடிந்து வந்தவரைச் சட்டையைக் கழற்றவிடாமல் சோபாவில் சாய்த்து, பக்கத்தில் உட்கார்ந்து, நான்தான் இன்றைக்கு உங்களைப் பார்த்துக்கொள்ளப்போகிற சிஸ்டர், வலி எப்படி இருக்கிறது, பயப்படாதீர்கள் என்று குழைந்து பேசினாள். அவர் ஒற்றைக் கண்ணைத் திறந்து பார்த்தார்.

"என்கிட்ட இப்படி இதமாப் பேசி எத்தனை வருஷமாச்சு. நீ பாஸாகவே வேணாம், நான் இப்படியே படுத்துக்கறேன்."

இரண்டாம் நாளே நோயாளி குறட்டை விட ஆரம்பித்துவிட்டார். அப்புறம் தலையணையிடம் பேசிப் பார்த்தாள். ஃப்ரிட்ஜிடம் பேசிப் பார்த்தாள். ஃப்ரிட்ஜுக்கு இப்போது தேவலையாம் என்று மகள் வந்து சேதி சொன்னாள். சிரித்துச் சிரித்து மூன்று பேருக்கும் வயிறு வலித்தது. ஆனாலும் படுக்கையில் கண்ணை மூடினால் பெரியக்காவுக்கு அடித்தளத்து ஃபைல்கள்தான் தெரிந்தன.

கடைசியில் வழியை அவளே கண்டுபிடித்தாள். பிளாஸ்டிக்கைப் பார்த்தால்தானே வெட்கம்? பார்க்காதே, கேள். குரல் என்னவோ மனுஷக் குரல்தான். காதைக் குரலில் வைத்துவிட்டால் மற்றதெல்லாம் தானாக வரும்.

மறுதேர்வு நாளில் தட்டை மேஜையில் வைத்தாள், கையைக் கழுவினாள், நாற்காலியை இழுத்து மாப்பிள்ளையின் தலைமாட்டில் உட்கார்ந்தாள். வயிற்றில் ஆபரேஷன் ஆகி இரண்டாம் நாள், லேசான காய்ச்சல் என்று சொல்லியிருந்தார்கள். தான் யார் என்பதைச் சொல்லி, வலி எப்படி இருக்கிறது என்று விசாரித்தாள்.

மாப்பிள்ளை பதில் சொன்னார். வலிக்கிறது, ராத்திரி தூக்கமில்லை என்றுதான் சொன்னார். ஆனால் வார்த்தைகள் உதட்டில் நிற்காமல் வழிந்தன. நாக்கு தடித்துப்போய் இருந்தது. பெரியக்காவின் முதுகு நிமிர்ந்தது. வார்டில் இந்தப் பேச்சைக் கேட்டிருக்கிறாள். பக்கவாதம் வருகிறவர்கள் பேசுகிற பேச்சு.

கட்டு, காய்ச்சல், தேர்வு எல்லாம் மறந்துபோயிற்று. மாப்பிள்ளையின் முகத்துக்கு நேராகக் குனிந்து, கொஞ்சம் சிரியுங்கள் என்றாள். மாப்பிள்ளை சிரிக்கவில்லை. கையைத் தூக்குங்கள் என்றாள். இரண்டு கையும் போட்டது போட்டபடி கிடந்தன. பிளாஸ்டிக் எப்படிச் சிரிக்கும், எப்படிக் கையைத் தூக்கும் என்று யோசிக்கிற நிலையில் அவள் இல்லை. பேச்சும் குழறுகிறது, முகமும் அசையவில்லை, கையும் விழுந்துவிட்டது. எழுந்து ஃபோனைப் பிடுங்கி எடுத்து, டாக்டர், உடனே வாருங்கள், ஸ்ட்ரோக் மாதிரி இருக்கிறது என்றாள்.

"தியூத்தி தாக்தர் பேசதேன்" என்றது ஃபோன்.

பெரியக்கா அப்படியே நின்றாள். டாக்டருக்குமா? ஒரு நொடி உலகமே பக்கவாதத்தில் விழுந்துவிட்டது போலிருந்தது. அடுத்த நொடி புத்தி வந்தது. நோயாளியும் டாக்டரும் ஒரே ஆள். அந்த ஆள் கண்ணாடிக்குப் பின்னால் நாற்காலியில் சாய்ந்துகொண்டிருக்கிறார். ரிசீவர் வயரில் தொங்க, இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஓடினாள்.

கதவைத் தள்ளித் திறந்தபோது மைக் அண்ணனின் முகம் உண்மையாகவே ஒரு பக்கம் தொங்கிக்கொண்டிருந்தது. சிரிங்கண்ணா என்றாள். அவர் பயந்துபோய்ச் சிரித்தார். இடது பக்கம் மட்டும்தான் சிரித்தது. கையைத் தூக்கச் சொன்னாள். போலீஸைக் கண்ட திருடன் மாதிரி இரண்டு கையும் டக்கென்று மேலே போயின. அப்புறம் அவர் ஒரு கையை இறக்கி, வாய்க்குள் விரலை விட்டு, ரத்தம் தோய்ந்த பஞ்சு ஒன்றை வெளியே எடுத்தார்.

காலையில்தான் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கியிருக்கிறார். ஊசி போட்டதில் பாதி முகம் மரத்துக் கிடக்கிறது. பேராசிரியை ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டு, இன்றைக்கு நடிப்பு பிரமாதம் என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தேன் என்றார். லீவு போட்டிருக்கலாமே என்று பெரியக்கா கேட்டாள். அவர் இன்று லீவு போட்டால் மறுதேர்வுக்கான கெடு தாண்டிவிடுமாம், இவள் பெயரை நீக்கிவிடுவார்களாம். அதனால்தான் அந்த வாயோடு வந்து உட்கார்ந்தாராம். பெரியக்காவுக்கு அவர் காலில் விழலாம் போலவும் இருந்தது, முதுகில் ஒன்று வைக்கலாம் போலவும் இருந்தது.

அப்போதுதான் கண்ணாடி வழியாக அந்த அறையைப் பார்த்தாள். மாப்பிள்ளை தன்னந்தனியாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை சொல்லாமல் நோயாளியை விட்டுப் போவதற்கு எவ்வளவு மார்க் போகும் என்பது வகுப்பில் எல்லோருக்கும் மனப்பாடம். அவ்வளவும் போனால் மிச்சத்தில் ஒரு தப்புகூடச் செய்ய முடியாது. அவள் பேராசிரியையைப் பார்த்தாள். பேராசிரியை சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். நேரம் இன்னும் முடியவில்லை.

பெரியக்கா திரும்பிப் போனாள். நாற்காலியில் உட்காருவதற்குள் மாப்பிள்ளை பேசினார். இந்த முறை பெண் குரல், தெளிவான குரல். மைக்கைப் பேராசிரியையே வாங்கிக்கொண்டிருந்தார்.

"என்னைத் தனியா விட்டுட்டு எங்க போனீங்க, சிஸ்டர்?"

பெரியக்கா கண்ணாடிப் பக்கம் திரும்பவே இல்லை. மாப்பிள்ளையின் பிளாஸ்டிக் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள்.

"பக்கத்து ரூம்ல ஒருத்தருக்கு ஆபத்துன்னு நினைச்சு ஓடிட்டேங்க. அவருக்கு ஒண்ணுமில்லை. ஆனா உங்ககிட்ட சொல்லிட்டுப் போயிருக்கணும். பயந்துட்டீங்களா?"



"ஆமா" என்றார் மாப்பிள்ளை. "ரொம்பப் பயமா இருந்துச்சு."

"இனிமே நான் எங்கேயும் போகலை. கட்டு மாத்தறப்ப கொஞ்சம் எரியும். எரிஞ்சா சொல்லுங்க, நிறுத்திடறேன்."

மாப்பிள்ளை இரண்டு இடத்தில் எரிகிறது என்றார், இரண்டு இடத்திலும் அவள் நிறுத்தினாள். வீட்டில் யார் இருக்கிறார்கள், எத்தனை நாளில் நடக்கலாம் என்று பேசிக்கொண்டே கட்டை முடித்தாள். போர்வையை மார்பு வரை இழுத்துவிட்டாள். மணி அடித்தது. அவள் எழுந்திருக்கவில்லை. இடுப்பு விண்விண் என்று தெறித்தது, கண்ணாடியைப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

"சிஸ்டர்" என்றது தலைமாட்டிலிருந்து அதே குரல். "மார்க் எக்கச்சக்கமாக் குறைஞ்சிருக்கு. ஆனா நீங்க பாஸ்."

பெரியக்காவுக்குக் கண் நிறைந்துவிட்டது. "ரொம்ப நன்றிங்க" என்று மாப்பிள்ளையிடம் சொல்லிவிட்டு, அவர் தூங்கட்டும் என்று விளக்கைக் குறைத்தாள்.