ஏழாவது கோளில் நீராவி

அந்தப் பொய்யை உண்டாக்கியவன் நான்தான். பேராசிரியர் சொல்லித்தான் செய்தேன் என்றாலும் ரசித்துச் செய்தேன்.

எங்கள் வேலையை முதலில் சொல்லிவிடுகிறேன். வேறு நட்சத்திரங்களைச் சுற்றுகிற கோள்களில் என்ன காற்று இருக்கிறது என்று பார்ப்பது. ஒரு கோள் தன் நட்சத்திரத்தின் குறுக்கே போகும்போது, அதன் காற்றுக்குள் நுழைந்து வரும் வெளிச்சத்தில் சில நிறங்கள் துளியூண்டு குறையும். எது குறைகிறது என்று பார்த்தால் அங்கே நீராவியா, வேறு வாயுவா என்று தெரிந்துவிடும். ஆனால் அந்தக் குறைவு பத்தாயிரத்தில் ஒரு பங்குகூட இருக்காது. ஆசைப்பட்டுப் பார்க்கிறவன் கண்ணுக்கு இல்லாததும் தெரியும். அதற்காகப் பேராசிரியர் ஒரு வழக்கம் வைத்திருந்தார். பன்னிரண்டு கோள்களின் தரவில் ஏதாவது ஒன்றில், ஒருவர் கமுக்கமாகப் பொய் நீராவியைக் கலந்துவிட வேண்டும். எந்தக் கோள், எவ்வளவு என்று எழுதி உறையில் போட்டு ஒட்டி அவரிடம் கொடுத்துவிட வேண்டும். முடிவுக் கூட்டத்தில்தான் உறை பிரியும்.

"உன்னைப் பெத்தவளே வந்து கேட்டாலும் வாயைத் திறக்கக் கூடாது" என்றார் என்னிடம்.

இந்தத் தடவை தேடியவள் எறும்பு. அந்தப் பட்டப்பெயரை வைத்ததும் நான்தான். முனைவர் பட்டம் வாங்கிய பிறகு கிடைக்கும் இரண்டு வருட ஒப்பந்த வேலை எங்கள் இருவருக்கும், அறையும் ஒன்றே. ஒப்பந்தத்தை நீட்டிக்கப் போவது ஒருவருக்கு மட்டும். வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் தெரிந்துவிடும். நான் மூன்று வாரம் மல்லாடியதை மதியத்துக்குள் முடித்துவிட்டு, "வேற ஏதாச்சும் இருக்காண்ணா?" என்று கேட்கிறவள் அவள். எனக்கு வயிறு எரியும்.

திங்கட்கிழமை காலை அறைக் கதவைச் சாத்திவிட்டு என் மேஜைப் பக்கம் வந்தாள்.

"அண்ணா, ஏழாவதுல நீராவி இருக்கு."

நான் கலந்ததும் ஏழாவதில்தான். "அப்படியா" என்றேன்.

"அக்காவுக்கு ரொம்ப முடியலை. மாமா ஃபோன் பண்ணாரு. இந்த வாரம் தாண்டாதுன்னு டாக்டர் சொல்லிட்டாராம். அம்மா போனதுக்கப்புறம் என்னை வளர்த்தது அவதான்." கைக்குட்டையை விரலில் சுற்றிச் சுற்றிப் பிரித்தாள். "இது நீங்க போட்டதா இருந்தா சொல்லிடுங்கண்ணா. மத்தியானமே கிளம்பிடறேன். வேலை போனாலும் போகட்டும். நிஜமா இருந்தா எப்படி விட்டுட்டுப் போறது? இதுக்குத்தானே இத்தனை வருஷம்? அக்காவே திட்டுவா, ஏன்டி வந்தேன்னு."

வேடிக்கை என்னவென்றால், உண்மையைச் சொல்லியிருந்தால் அவள் அப்போதே போயிருப்பாள். வெள்ளிக்கிழமை பேச ஆள் இருந்திருக்காது. அவளுக்கு அக்கா, எனக்கு வேலை. அது புரியாத முட்டாள் இல்லை நான். ஆனால் எனக்கு அது போதவில்லை. இவள் ஒரு தடவையாவது எல்லார் முன்னாலும் ஏமாந்து நிற்பதைப் பார்க்க வேண்டும் என்றிருந்தது. உறை பிரியும்போது அந்த முகம் எப்படிப் போகும்?

"விதி தெரியும்ல? நான் எதுவும் சொல்லக் கூடாது" என்றேன். அவள் தலையாட்டிவிட்டுத் திரும்பினாள். "ஆனா, நானா இருந்தா இப்பக் கிளம்ப மாட்டேன்."

அவள் முகம் மலர்ந்துவிட்டது. "ரொம்ப தேங்க்ஸ்ணா."

அடுத்த மூன்று நாளும் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு சரிபார்த்தாள். மதியம் மாமாவுக்கு ஃபோன் போட்டு, "வெள்ளிக்கிழமை கிளம்பிடறேன் மாமா. தண்ணி கண்டுபிடிச்சிருக்கேன்னு அவ காதுல சொல்லுங்க" என்பாள். வியாழனன்று என் பக்கம் திரும்பி, "அக்காவுக்குக் கேட்டுச்சாம்ணா. கண்ணைத் திறந்தாளாம்" என்றாள். நான் டீயைக் குடித்து முடித்தேன்.

வெள்ளிக்கிழமை ஒன்பது மணிக்கு ஃபோன் வந்தது. "எப்ப மாமா?" என்று மட்டும் கேட்டாள். போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள்.

"இனிமே ஓடி என்ன ஆகப்போகுது? அவகிட்ட சொன்னதையாவது ஒழுங்கா முடிச்சிடறேன். கூட்டத்துல யார்கிட்டயும் சொல்லாதீங்க."

கூட்டத்தில் இருபது நிமிடம் பிசிறில்லாமல் பேசினாள். பேராசிரியர் உறையைக் கிழித்தார்.

"ஏழு" என்றார். "பொய்."

நான் காத்திருந்த முகத்தைப் பார்த்தேன். அவள் அழவில்லை. திரையில் இருந்த வரைபடக் கோட்டைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

பேராசிரியருக்கோ தலைகால் புரியவில்லை. "கலந்த அளவுக்கும் இந்தப் பொண்ணு சொன்ன அளவுக்கும் நூத்துக்கு ரெண்டுதான் வித்தியாசம்! இதைவிட என்ன வேணும்? வேலை இவளுக்குத்தான்." எல்லோரும் கை தட்டினார்கள். "இன்னொருத்தருக்கும் தட்டணும். ஒரே ரூம்ல உக்காந்துக்கிட்டு ஒரு வார்த்தை வெளிய விடலை பாருங்க. நேர்மைன்னா இது. எழுந்திருப்பா!"

எழுந்து நின்றேன். மறுபடியும் தட்டினார்கள், ஓய்ந்தார்கள். எறும்பு மட்டும் ஓயவில்லை. என்னையே பார்த்தபடி, அவசரமில்லாமல் தட்டிக்கொண்டிருந்தாள். பேராசிரியர் அதைப் பெருந்தன்மை என்று நினைத்துச் சிரித்தார். அவள் நிறுத்தும்வரை என்னால் உட்கார முடியவில்லை.