சில்லோடு சில்லு

இம்மாகுலேற்றுக்குப் பயம் பிடித்திருக்கிறது என்பது 1990ஆம் ஆண்டு மார்ச் மாதம்வரை ஒருவருக்கும் தெரியாது. தெரியக்கூடாது என்று அவளும் மிகக் கவனமாக இருந்தாள்.

அவளுக்கு முப்பத்திரண்டு வயது. மன்னாரில் பிறந்து, ஒன்பது வயதில் குடும்பத்தோடு லண்டனுக்கு வந்து, நகரின் தெற்கோரத்தில் மிச்சம் என்ற ஊரில் வளர்ந்தவள். பந்தயக் கார் ஓட்டுவதுதான் தொழில். நான்கு சில்லுகளும், சக்கரங்கள், காரின் உடம்புக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்க, கூரையில்லாமல், ஓட்டுபவர் பாதி படுத்தபடி ஓட்டும் ஒடுங்கிய கார்கள். பன்னிரண்டு வருடமாக அதைத்தான் ஓட்டினாள். முந்தைய வருடம் அந்த வகுப்பின் தேசியப் பட்டமும் அவளுக்கே கிடைத்திருந்தது. கத்தோலிக்கப் பங்குக் கோவிலில் பூசை முடிந்ததும் சாமியார் அவளுடைய பெயரைச் சொல்ல, சனம் கைதட்டியது.

அந்த வருடம் ஜூன் மாதத்தில்தான் அது நடந்தது. மழை பெய்த ஒரு போட்டியில், முன்னால் போனவன் வளைவில் கொஞ்சம் பிந்தினான். அவளுடைய முன்சில்லு அவனுடைய பின்சில்லைத் தொட்டது. சுழல்கிற ரயர் சுழல்கிற ரயரில் பட்டால் ஏணியில் ஏறுகிற மாதிரி மேலே ஏறிவிடும். கார் மேலே எழும்பி, ஆகாயத்தில் ஒருமுறை பிரண்டு, தலைகீழாக வந்து விழுந்தது. பெல்ற்றில் தொங்கியபடி, பெற்றோல் மணத்துக்குள், நாலு நிமிடம் கிடந்தாள். உடைந்தது காறை எலும்பு மட்டும். அதிர்ஷ்டக்காரி என்று பத்திரிகைகள் எழுதின.

ஆகஸ்டில் திரும்பவும் ஓட வந்தாள். மிச்சமிருந்த நாலு போட்டிகளிலும் நாலாவதாகவோ ஐந்தாவதாகவோ வந்தாள். வருடத் தொடக்கத்தில் குவித்து வைத்திருந்த புள்ளிகள் கைகொடுத்ததால் பட்டம் தப்பியது.

தனியாக ஓடினால் அவளுக்கு ஒன்றுமில்லை. வேகம் பயமில்லை, மழை பயமில்லை. பக்கத்தில் இன்னொரு சில்லு வந்தால் மட்டும் கால் தானாகப் பிரேக்குக்குப் போகும். பெப்ரவரியில், இதைவிட மேல்வகுப்பு ஒன்றில் ஓடுகிற ஒரு குழு அவளைக் கூப்பிட்டுக் காரைக் கொடுத்துப் பரீட்சித்தது. வெறும் திடலில் தனியே ஓடியபடியால், அங்கே நின்ற ஆண்கள் எல்லோரையும்விட வேகமாக ஓடிக் காட்டினாள். குழுவின் முகாமையாளர் கிளைவ் என்ற வெள்ளைக்காரர் அடுத்த நாளே ஒப்பந்தத்தைத் தபாலில் அனுப்பினார். பன்னிரண்டு வருடம் அவள் எதிர்பார்த்திருந்த காகிதம் அது. கையெழுத்துப் போடாமல் மூன்று வாரமாக அலுமாரிக்குள் வைத்திருந்தாள்.

யாருக்குச் சொல்வது? முதலில் சொல்லவேண்டியவர் அண்ணன் செபமாலைமுத்து. மிச்சத்தில் ஒரு சின்னக் கராஜ் வைத்திருக்கிறார். அவளுடைய கார்களை முதல் நாளிலிருந்து பூட்டியதும் கழற்றியதும் அவர்தான். அவளுக்காகக் கலியாணத்தைக்கூடத் தள்ளிப்போட்ட மனிசன். அவருடைய முகத்தைப் பார்த்து, எனக்கு ஏலாது என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

மார்ச் மாதத்து ஞாயிறு ஒன்றில் பூசை முடிந்து வர, அண்ணன் தன் வான் வண்டியில் ஒரு இரும்புப் பம்பரை ஏற்றிக்கொண்டிருந்தார்.

"குருமூர்த்தியின்ர பம்பர். வெல்ட் பண்ணித் தரச் சொன்னவர். விம்பிள்டனுக்குக் கொண்டுபோகவேணும். வாறியோ?"

குருமூர்த்தி பஸ் ஓட்டுகிறவர், உரும்பிராய்க்காரர். கிழமை முழுக்க இரண்டு தட்டு பஸ்ஸைப் பூனை மாதிரி ஓட்டிவிட்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் விம்பிள்டன் நாய் ஓட்டத் திடலில் ஸ்டொக் கார் ஓட்டுவார். சில்லுகள் உடம்புக்குள்ளேயே மூடியிருக்கிற பழைய சாதாரணக் காரை எடுத்து, கண்ணாடிகளைக் கழற்றி, உள்ளே இரும்புக் குழாயால் கூடு கட்டி, முன்னும் பின்னும் பம்பர் போட்டால் அதுதான் ஸ்டொக் கார். நீள்வட்டத் திடலில் இருபது முப்பது பேர் சேர்ந்து ஓடுவார்கள். வழிவிடாதவனை இடித்துத் தள்ளலாம். அது அங்கே சட்டம்.

அவளுடைய உலகத்தில் அதை யாரும் பந்தயம் என்றே சொல்வதில்லை. அவளும் ஒருநாளும் போய்ப் பார்த்ததில்லை. வீட்டில் அந்த ஒப்பந்தத்தோடு தனியே இருக்க மனமில்லாமல்தான் வானில் ஏறினாள்.

பம்பரைப் பூட்டி முடிய, குருமூர்த்தி கையைத் துடைத்துக்கொண்டு அவளிடம் வந்தார்.

"தங்கச்சி, கார் இடது பக்கம் இழுக்குது. அண்ணை பாத்தார், ஒண்டும் பிழையில்லை எண்டுறார். இப்ப பயிற்சிச் சுற்று விடுகினம். நீங்கள் ஒருக்கா ஓட்டிப் பாத்துச் சொல்லுங்கோவன்."

"நானோ? என்னை விடுவினமோ?"

"ஒரு பேப்பரிலை கையெழுத்து வைச்சாச் சரி. நான் கேட்டுட்டன்."

மறுக்க ஒரு காரணமும் அகப்படவில்லை. அண்ணன் வேறு பார்த்துக்கொண்டு நின்றார். குருமூர்த்தியின் ஹெல்மெற்றை வாங்கிப் போட்டாள். கதவு வெல்ட் பண்ணி மூடியிருந்ததால் ஜன்னலுக்குள்ளால் காலை விட்டு இறங்கினாள். தனியே ஐந்து சுற்று ஓடிவிட்டு வந்துவிடலாம் என்பது அவளுடைய கணக்கு. ஆனால் வாயிலைத் திறந்ததும் அவளுக்கு முன்னால் நாலு, பின்னால் ஐந்து என்று மொத்தமாக உள்ளே விட்டார்கள்.

இடம் சின்னது. நேராக ஓடத் தொடங்குவதற்குள் வளைவு வந்துவிடும். எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒரு சில்லு. மூன்றாவது சுற்றில், பின்னால் ஒரு சிவப்புக் கார் நெருங்கி வருவதைக் கண்டாள். கால் பிரேக்குக்குப் போனது. அவள் பிந்தப் பிந்த அது கிட்ட வந்தது. வளைவில் அவளுடைய பின்பக்கத்தில் டமார் என்று இடித்தது.

கண்ணை மூடிக்கொண்டாள். பந்தயக் கார் ஓட்டுகிற ஒருத்தி ஓடுகிற காரில் கண்ணை மூடினாள் என்று பிற்பாடு அவளே சொல்லிச் சிரித்திருக்கிறாள். கார் மேலே எழும்பப் போகிறது, தலைகீழாகப் போகிறது என்று காத்திருந்தாள்.

ஒன்றும் நடக்கவில்லை. கார் பக்கவாட்டில் வழுக்கி, ஓரத்து வேலியில் ஒரு முட்டு முட்டி, திரும்ப நேராகி ஓடிக்கொண்டிருந்தது. நாலு சில்லும் நிலத்தில் இருந்தன. சிவப்புக் காரன் கடந்துபோகும்போது கையை வெளியே நீட்டி ஆட்டிவிட்டுப் போனான். மன்னிப்பா, வணக்கமா, தெரியவில்லை.

அடுத்த சுற்றில் இன்னொருவன் பக்கத்தில் உரசினான். கதவும் கதவும் கிறீச்சிட்டன. அவ்வளவுதான். ஒன்பது மாதமாக அவள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஓடியது இதே உரசலுக்குத்தான். இங்கே அதை ஒருவரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஹெல்மெற்றுக்குள் அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்போடு கண்ணீரும் வந்தது. கையை உள்ளே விட்டுத் துடைக்க முடியாமல் அப்படியே ஓடினாள். ஐந்து சுற்று என்று போனவள், கொடி காட்டி வெளியே எடுக்கும்வரை வரவில்லை.

"இழுக்குதோ?" என்று கேட்டார் குருமூர்த்தி.

"என்ன?"

"கார், தங்கச்சி. இடது பக்கம்."

அவள் அதைக் கவனிக்கவே இல்லை.

வானில் திரும்பி வரும்போது ரூட்டிங் சந்தியில் வாகனங்கள் நெருக்கமாக நின்றன. அண்ணன் இயந்திரத்தை நிறுத்திவிட்டுக் காத்திருந்தார். இப்போது சொல்லாவிட்டால் பிறகு சொல்லமாட்டோம் என்று அவளுக்குப் பட்டது.

"அண்ணை, நான் கிளைவின்ர காருக்குப் போகேல்லை."

அவர் திரும்பவில்லை. "ஏன்?"

"எனக்குப் பயமாயிருக்கு. அண்டைக்கு விழுந்ததுக்குப் பிறகு. பக்கத்திலை சில்லு வந்தா என்னாலை ஏலாது."

"தெரியும்," என்றார் அவர்.

"என்ன தெரியும்?"

"பிரேக் தகடு மாத்துறது நான்தானே. ஆகஸ்டுக்குப் பிறகு முன்பக்கத் தகடு ரெண்டு மடங்கு தேயுது. ரயரின்ர ஓரம் புதுசு மாதிரி இருக்குது. முந்தி நீ ஓடின ரயரை இனி ஒருத்தரும் பாவிக்கேலாது, அப்பிடித் தேய்ச்சுக்கொண்டு வருவாய். ஆக்கள் கூடின இடமெல்லாம் நீ முந்தியே பிரேக் பிடிக்கிறாய் எண்டு எனக்கு விளங்கினது."

"பிறகேன் சொல்லேல்லை?"

"சொன்னா என்ன செய்திருப்பாய்? எனக்குக் காட்டவேணும் எண்டு இன்னும் வேகமா ஓடியிருப்பாய். உன்னை எனக்குத் தெரியாதோ? நீயாச் சொல்லும்வரைக்கும் பாத்துக்கொண்டிருந்தன்." பிறகு சொன்னார்: "உன்ர காரின்ர சில்லுகளுக்குப் பதினாறு நட்டு. ஒவ்வொரு நட்டையும் இறுக்கிப்போட்டு ஒரு அருள்நிறைந்த மரியே செபம் சொல்லுவன். பதினாறு. போனவருசம் கடைசியிலை ரெண்டுதரம் இறுக்கி முப்பத்திரண்டு சொன்னனான். எனக்கும் களைச்சுப்போச்சு, பிள்ளை."

பின்னால் நின்றவன் ஹோர்ன் அடித்தான். வழி எப்போதோ விட்டிருந்தது.

திங்கள் காலை கிளைவுக்கு ரெலிபோன் எடுத்தாள். சாட்டுப்போக்குகள் நாலைந்து யோசித்து வைத்திருந்தாள். அவர் குரலைக் கேட்டதும் அவையெல்லாம் வேண்டாம் என்று தோன்றி, உள்ளதை உள்ளபடியே சொன்னாள். அவர், இதை யாரும் தனக்கு மார்ச் மாதத்தில் சொன்னதில்லை, ஜூலையில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டுதான் சொல்லியிருக்கிறார்கள் என்றார். இனி என்ன செய்யப் போகிறாய் என்று கேட்டார். ஸ்டொக் கார் என்றாள். அவர் வாய்விட்டுச் சிரித்தார். தானும் இளவயதில் ஓட்டியதாகவும், மூக்கு கோணியது அங்கேதான் என்றும் சொன்னார்.

சிரிக்காதவர்களும் இருந்தார்கள். ஒரு பந்தயப் பத்திரிகை, உச்சியில் நின்றவள் சறுக்கி விழுந்துவிட்டாள் என்று நாலு வரி எழுதியது. பங்குச் சனத்தில் சிலருக்கு வெட்கமாக இருந்தது. பூசை முடிந்து நிற்கும்போது பியற்றிஸ் அன்ரி அவளைத் தடுத்து நிறுத்தினார். பழைய பாடசாலை ஆசிரியை, எதையும் விசாரிக்காமல் விடாதவர்.

"உது என்ன கார் பிள்ளை, இடிச்சு விளையாடுற கார் எண்டு கேள்விப்பட்டன்?"

"ஓம் அன்ரி."

"கூரை இருக்கோ?"

"இருக்கு அன்ரி. இரும்புக் கூரை."

"பிறகென்ன," என்றார் அன்ரி. அன்றைக்குப் பிறகு கோவிலில் யார் அந்தக் கதையை எடுத்தாலும் கூரை இருக்கிறதென்று அவரே பதில் சொல்லிவிடுவார்.

அண்ணன் ஒரு பழைய ஃபோர்ட்டை வாங்கி ஆறு கிழமையில் கூடு கட்டினார். ஸ்டொக் காரில் ஓட்டுபவரின் தரத்துக்கு ஏற்றபடி கூரைக்கு நிறம் பூசவேண்டும். புதிதாக வருபவர்களுக்கு வெள்ளை. தேசியப் பட்டம் வென்றவளுக்கு வெள்ளையா என்று குருமூர்த்திக்குக் கோபம் வந்தது, அதிகாரியோடு கதைக்கப் புறப்பட்டார். அவள் மறித்துவிட்டு, தூரிகையை வாங்கித் தானே பூசினாள்.

மே மாதம் முதல் போட்டி. வெள்ளைக் கூரைக்காரர்கள் முன்னால் நிற்க, திறமைசாலிகள் பின்னாலிருந்து புறப்படுவார்கள். முதல் ஓட்டத்தில் பின்னாலிருந்து வந்தவர்களெல்லாம் ஆளுக்கொரு இடி இடித்துவிட்டுப் போனார்கள். கடைசிக்கு முந்தின ஆளாக வந்து சேர்ந்தாள். இரண்டாவது ஓட்டத்தில் பன்னிரண்டாவது.

அண்ணன் ஜன்னலுக்குள் தலையை விட்டுச் சொன்னார்: "நீ இன்னும் விலத்தி விலத்திப் போறாய். உனக்கு இப்ப பம்பர் இருக்கு."

மூன்றாவது ஓட்டத்தில் அந்தச் சிவப்புக் கார் அவளுக்கு முன்னால் வந்து அகப்பட்டது. ஓட்டுபவர் பெயர் ரெறி, பக்கத்து ஊரான ஸ்ரெத்தத்தில் மரக்கறிக் கடை வைத்திருப்பவர். உட்பக்க வழியை அடைத்துக்கொண்டு இரண்டு சுற்று அவளை விடவேயில்லை. பன்னிரண்டு வருடமாக முன்னால் போகிறவனுக்கும் தனக்கும் நடுவில் ஒரு சாண் விட்டு ஓடியவள், மூன்றாவது சுற்றில் அந்தச் சாணை விடவில்லை. வளைவுக்கு வந்ததும் ஆக்சிலறேற்றரில் காலை அமத்தி, சிவப்புப் பம்பரில் தன் பம்பரை வைத்துத் தள்ளினாள். அவர் வெளியே வழுக்கிப் போக, உள்ளே வழி திறந்தது. எந்தச் சில்லும் ஏறவில்லை, எந்தக் காரும் பறக்கவில்லை. அந்த வழியால் நுழைந்து இன்னும் மூன்று பேரைத் தாண்டி ஏழாவதாக வந்தாள்.

ஏழாவது இடத்துக்கு அங்கே கிண்ணம் கிடையாது. ரெறி இரண்டு பேப்பர்க் கோப்பையில் தேநீரோடு வந்தார். ஒன்றை அவளிடம் கொடுத்துவிட்டு, தன் காரின் நசுங்கிய பக்கத்தைக் காட்டி, நல்லாய்ச் செய்தாய், ஆனால் இன்னும் கொஞ்சம் பிந்தி இடித்திருந்தால் திருப்பி இடிக்க எனக்கு நேரமிருந்திராது என்றார். எப்படி என்று அவள் கேட்க, நிலத்தில் குந்தியிருந்து விரலால் வளைவை வரைந்து காட்டினார். அவளும் பக்கத்தில் குந்திக்கொண்டாள்.

வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அவள்தான் கதைத்தாள். எந்தச் சுற்றில் யார் எங்கே இடித்தான், தான் எங்கே திருப்பிக் கொடுத்தாள் என்று இரண்டு கையாலும் காட்டிக் காட்டிச் சொன்னாள். அண்ணன் கேட்டுச் சிரித்துக்கொண்டே ஓட்டினார். மிச்சத்துக்குத் திரும்புகிற இடத்தை எப்போது தாண்டினார்கள் என்று இருவருக்கும் தெரியாது. ஸ்ரெத்தம் பொதுவெளிக்குக் கிட்ட வந்த பிறகுதான் பார்த்தார்கள்.

"திருப்பட்டோ?" என்றார் அவர்.

"திருப்புங்கோ. ஆறுதலாப் போவம்," என்றவள், பிறகு நாலாவது சுற்றில் நடந்ததைச் சொல்லத் தொடங்கினாள்.