ஆனை வெளியே போன பிறகு

சேக் முகம்மது கொழும்பிலிருந்து ஒரேயடியாகத் திரும்பி வந்தபோது கோட்டாற்றில் வைகாசி நடுவில் தொடங்கும் இடவப்பாதி மழை பிடித்திருந்தது. கையில் ஒரு தகரப்பெட்டி, ஒரு குடை, துணியில் சுற்றிய சதுரங்கப் பலகை. இலங்கையில் புதுச் சட்டம் வந்து, அங்கே தங்கிக் கடை நடத்தப் பர்மிட் கிடைக்காமல் போனதால் அவரும் கூட்டாளியும் நடத்திவந்த துணிக்கடை மூடிக் கிடந்தது.

கல்யாணமாகிப் பத்து வருஷம். அதில் அவர் வீட்டில் இருந்ததை எல்லாம் கூட்டிப் பார்த்தாலும் ஒரு வருஷம் தேறாது. சுபைதா பேகத்துக்குத் தனியாக இருந்து பழகிப்போயிருந்தது. எந்த ஓட்டில் ஒழுகும், எந்தத் தென்னை காய்ப்பை நிறுத்தியிருக்கிறது, எல்லாம் அவளுக்குத் தெரியும். முற்றத்தைப் பார்த்துக்கொண்டு எந்நேரமும் உட்கார்ந்திருக்கும் இந்த மனிதரோடு என்ன பேசுவதென்றுதான் தெரியவில்லை. அவருக்கும் தெரியவில்லை போலிருந்தது. சோறு நன்றாக இருக்கிறது என்பார். மழை விடவில்லை என்பார். பிறகு மழையின் சத்தம் மட்டும் இருக்கும்.

ஒரு மத்தியானம் அவர் பலகையை விரித்தார்.

"சும்மாத்தானே இருக்கே. வா, சொல்லித்தாறேன்."

மூலையில் தேர், அடுத்து குதிரை, அதற்கடுத்து ஆனை, நடுவில் ராஜாவும் மந்திரியும். முன்னால் காலாட்கள் ஒரு வரிசை. தேர் நேராக ஓடும், ஆனை கோணலாக ஓடும், குதிரை தாண்டும். அவள் சட்டென்று பிடித்துக்கொண்டாள். ஆனால் வெள்ளை எப்போதும் அவருக்குத்தான். பலகைக்காரனுக்கு வெள்ளை என்று சொல்லிவிட்டார்.

வெள்ளை முதலில் நகரும். அவர் நகர்த்துவதில் ஒரு பாய்ச்சல் இருந்தது. வெற்றிலையை ஒதுக்கி முடிப்பதற்குள் அவருடைய மந்திரி அவள் ராஜாவின் வாசலில் வந்து நிற்கும். அவள் தோற்றாள். மறுநாளும் தோற்றாள். அவர் நகர்த்துவதை அப்படியே பார்த்து நகர்த்தினாள். அப்போதும் ஒரு அடி பிந்தித்தான் இருந்தாள். பிறகு ராஜாவுக்கு முன்னால் நிற்கும் காலாளை ஒரே ஒரு கட்டம் வைத்து ஒடுங்கி நின்றுபார்த்தாள். அரண் போலத்தான் இருந்தது. ஆனால் மந்திரிக்குப் பக்கத்து ஆனை அந்த அரணுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு, ஆட்டம் முடியும்வரை அசையாமலே நின்றது.

"இந்த ஆனை என்னத்துக்கு எப்பவும் உள்ளயே கெடக்கு?" என்று கேட்டாள்.

"நீதானே கதவச் சாத்தினே. பெறவு அது எங்ஙன போவும்?"

சொல்லிவிட்டு அவர் மழையைப் பார்த்தார். பிறகு யாரையோ நினைத்துக்கொண்டவர்போல முகத்தைச் சுளித்தார்.

"துறைமுக ஆபீசுல பெரேரான்னு ஒரு கிளார்க்கு. அவனுக்குக் கறுப்பக் குடுத்தா ஒரு அடுக்கு அடுக்குவான். இடிச்சு இடிச்சு எனக்குத்தான் கை வலிக்கும். ஒரு தடவைகூட என்னால உடைக்க முடியல்ல."

"அதக் காட்டுங்க."

"அது அறுவ ஆட்டம். உனக்கு என்னத்துக்கு?"

"காட்டுங்க மச்சான்."

மனமில்லாமல்தான் காட்டினார். வெள்ளைக் காலாள் நடுவுக்கு வந்ததும், கறுப்பில் அந்த ஆனைக்கு முன்னால் நிற்கும் காலாள் பையப் பைய ஒரு கட்டம் போகும். ஒன்றும் நடக்காத மாதிரி இருக்கும். அடுத்ததாக மந்திரிக்கு முன்னால் நிற்பவன் இரண்டு கட்டம் பாய்ந்து வெள்ளையோடு முட்டுவான். அவனை வெட்டினாலும் கவலையில்லை, பின்னால் முதல் காலாள் துணைக்கு நிற்கிறான். அந்த வழியாக ஆனை வெளியே போய் நின்றுகொள்ளும். அதற்கப்புறம்தான் ராஜாவின் காலாள் கதவைச் சாத்தும்.

"ஆனை வெளிய போன பெறவுதான் கதவா?"

"ஆமா. அதுதான் அவனுக்க சூட்சுமம்."

அன்றிலிருந்து அந்த அடுக்கு அவளோடு நடமாடத் தொடங்கியது. சோறு கொதிக்கும்போது ஆவிக்குள் காலாட்கள் வந்து நின்றார்கள். ஒரு நாள், ராத்தா என்று அவள் கூப்பிடும் அக்காவின் வீட்டுக்குப் பஸ்ஸில் போகையில் சுசீந்திரம் வயல்களெல்லாம் தண்ணீரில் மூழ்கிக் கண்ணாடித்துண்டுகளாகக் கிடந்தன. வரப்புகள்தான் கட்டங்களைப் பிரித்தன. ஒரு கட்டத்தில் வானம் இருந்தது, அடுத்ததில் தென்னை தலைகீழாக நின்றது. அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டே அவள் இறங்கவேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விட்டாள்.

மத்தியான உறக்கத்தில் அவள் பார்த்தேயிராத கொழும்புத் தெரு வந்தது. அங்கேயும் மழை. முகம் தெரியாத ஒருவர் குடையை மடித்து வைத்துவிட்டு, அவசரமேயில்லாமல் ஒரு கறுப்புக் காலாளை விரலால் தள்ளினார். அது நகர்ந்துகொண்டே இருந்தது, கட்டம் முடியவேயில்லை. விழித்தபோது ஓட்டில் மழை குறைந்திருந்தது. கணவர் முற்றத்தில் நின்று கால் கழுவிக்கொண்டிருந்தார். இரண்டு மழையில் எது எதென்று அவளுக்குக் கொஞ்ச நேரம் தெளியவில்லை.

ஆட்டங்கள் நீண்டன. முதலில் தோற்கத் தாமதமானது. பிறகு ஒரு நாள் தோற்காமலே முடிந்தது. அவள் யோசிக்கும் நேரத்தில் சும்மா இருக்க முடியாமல் அவர் பேச ஆரம்பித்தார். கடைக்கு மேலே நாலு பேராகப் படுத்த அறை. வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்து கடற்கரையில் போய் நிற்பது. ஒரு பெருநாளைக்கு அவளுக்கென்று எடுத்து வைத்த சேலையை, மடிப்புக் கலையாமல், யாரோ கேட்டார்கள் என்று விற்றுவிட்டது. "அந்த நெறம் இப்பவும் கண்ணுல நிக்கி," என்றார். என்ன நிறம் என்று அவள் கேட்கவில்லை. குதிரையை நகர்த்தினாள்.

ஆவணி பிறந்ததும் கூட்டாளியின் தம்பி அபுதாஹிர் வந்தார். ஈர வேட்டியை முறுக்கிப் பிழிந்துகொண்டே சொன்னார்.

"காக்கா, பர்மிட்டு சரியாயாச்சு. கடையத் தொறக்கணும். அடுத்த கப்பலுக்குப் பொறப்பட வேண்டியதுதான்."

சேக் முகம்மதுவின் முகத்தில் வெளிச்சம் வந்தது. உடனே அதை மறைக்கப் பார்த்தார். அடுப்படியிலிருந்து சுபைதா இரண்டையும் பார்த்தாள்.

அபுதாஹிர் போன பிறகு அவளே பலகையை எடுத்து வந்து விரித்தாள். அவர் வழக்கம்போலப் பாய்ந்தார். அவள் சிறிய காலாளை வைத்தாள், அடுத்தவனை முட்டவிட்டாள், ஆனையை வெளியே விட்டுக் கதவைச் சாத்தினாள். அவர் ஓரத்துக் காலாட்களை ஓட்டிவந்து இடித்தார். தேர்கள் வெட்டுப்பட்டன, மந்திரிகள் போனார்கள். கடைசியில் இரண்டு ராஜாக்களும் சில காலாட்களும் ஒருவரையொருவர் அடைத்துக்கொண்டு நின்றார்கள்.

"சமம்," என்றார் அவர். "இனி யாரும் யார் வீட்டுக்குள்ளயும் போவ முடியாது. பெரேரா மாதிரியே இருக்கே நீ."

அவள் காய்களைக் கலைக்கவில்லை.

"நானும் வாறேன்," என்றாள்.

"எங்க?"

"கொழும்புக்கு."

அவர் சிரிக்கப் போனார். அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

"வீடு?"

"பூட்டினா பூட்டிக் கெடக்கும். தென்னைய ராத்தா பாத்துக்கிடுவா."

"அங்க ஒத்த அறை சுபைதா. உனக்கு அது பத்தாது."

"பத்தாதுன்னு நான் சொன்னேனா? இதுவரைக்கும் வாறியான்னு நீங்க கேக்கல்ல. நானும் வாறேன்னு சொல்லல்ல. இப்பம் சொல்லுதேன்."

முற்றத்தில் தேங்கிய தண்ணீரில் சொட்டுச் சொட்டாக வட்டம் விரிந்து அழிந்தது. கடைசியில், "குடும்பத்துக்குப் பர்மிட்டு லேசுல கிடைக்காது," என்றார்.

"கிடைக்கும்போது கிடைக்கட்டும். அதுவரை இருங்க."

அவர் இருந்தார். அபுதாஹிர் இரண்டு முறை வந்து சத்தம் போட்டுவிட்டுத் தனியாகக் கப்பலேறினார். கடையை அவரே திறந்தார். சேக் முகம்மது ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கினார். ஐப்பசி மழை தொடங்கி முடியும் சமயத்தில், யாரும் எதிர்பார்க்காத ஒரு காலையில், அது கிடைத்தது.

தூத்துக்குடியில் ஏறினார்கள். கப்பல் ஆழத்துக்கு வந்ததும் சேக் முகம்மதுவுக்குத் தலை சுற்றியது. எத்தனை தடவை போய் வந்தாலும் அவருக்குக் கடல் ஒத்துக்கொண்டதில்லை. இதை அவர் அவளிடம் சொன்னதும் இல்லை. மேல்தட்டில் பாயை விரித்து அவரைப் படுக்க வைத்தாள். அவள் பிறந்தது கடலோரத் தேங்காய்ப்பட்டணம். அலை தூக்கி இறக்கும்போது அவள் தொட்டில் குழந்தையைப்போலச் சுகமாக அதோடு போய் வந்தாள்.

விடியும்போது சுற்றிலும் சாம்பல் நிறம். கடலும் வானமும் எங்கே சேர்கின்றன என்று கோடு தெரியவில்லை. ஒரு பறவை கப்பலோடு கொஞ்ச தூரம் வந்து திரும்பிப் போனது.

"கரை தெரியுதா?" என்று கண்ணை மூடியபடியே அவர் கேட்டார்.

முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு அவள் முன்னால் பார்த்தாள்.

"இன்னும் இல்ல," என்றாள். "பைய வரட்டும். நீங்க உறங்குங்க."